அக்குளில் ஒரு கூடுதல் தசை

சென்ற பொங்கல் விழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நம் சங்கத்து அம்மாள் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "டாக்டர் சார், இடது அக்குளில் தடிப்பாக ஏதோ தட்டுப்படுகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். அவருடைய அக்காள் மார்பகப் புற்றுநோயால் காலமானவர். இரண்டு மாதமாக இவருக்குத் தூக்கம் இல்லையாம்.

நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்லன். மும்பையில் மருத்துவ மாணவர்களுக்கு முப்பது வருடம் உடற்கூறு கற்பித்தவன். ஆகவே ஊகம் எதுவும் சொல்லாமல் உடனே சர்ஜனிடம் போகச் சொன்னேன். பரிசோதனையிலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் அது கட்டியல்ல, தசை என்று தெரிந்தது.

தோளை அசைக்கும் தசைகள் இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் ஒட்டும் என்று பாடப்புத்தகம் கோடு போட்டுச் சொல்லிவிடும். பிணவறை மேஜையில் அப்படி இருப்பதில்லை. முதுகிலிருந்து கைக்கு வரும் அகன்ற தசை லேட்டிசிமஸ் டார்சி. மார்பிலிருந்து வருவது பெக்டோராலிஸ் மேஜர். சிலருக்கு முன்னதிலிருந்து ஒரு பட்டை பிரிந்து, அக்குளைப் பாலம்போலக் கடந்து, பின்னதன் நுனியருகே போய் ஒட்டிக்கொள்கிறது. 1846இல் இதை விவரித்த கார்ல் லாங்கரின் பெயரால் 'லாங்கர் வளைவு' என்பார்கள். சுமார் நூற்றுக்கு ஏழு பேருக்கு இது உண்டு. மாடு ஈயை ஓட்டத் தோலை மட்டும் சிலிர்க்கிறதே, அந்தத் தோல் தசையின் மிச்சம் இது என்பது பலர் கருத்து.

பெரும்பாலோர் இது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் இது கைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் முன்னால் குறுக்கே ஓடுகிறது. அதனால் சிலருக்குக் கையைத் தூக்கும்போது சிரை நசுங்கிக் கை வீங்கலாம், மரத்தும் போகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போதுதான் விஷயம் பெரிதாகிறது. அக்குளில் நெறிகட்டும் இடங்களிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுக்கையில், சர்ஜன் லேட்டிசிமஸின் ஓரத்தை எல்லையாக வைத்துக்கொள்வார். இந்தப் பட்டையை அந்த ஓரம் என்று எண்ணிவிட்டால், அதற்கு அப்பால் உள்ள முடிச்சுகள் எடுபடாமல் தங்கிவிடக்கூடும்.

தோளில் இன்னும் பல வேறுபாடுகள் உண்டு. பெக்டோராலிஸ் மைனரின் தசைநாண் வழக்கமாகத் தோள்பட்டை எலும்பின் காரகாயிட் முனையில் முடியும். சிலருக்கு அதையும் தாண்டித் தோள்மூட்டின் உறைவரை போய்விடும். தோள்வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இதைப் பார்ப்பவர் இப்படி ஒன்று உண்டென்று அறியாதவராக இருந்தால் குழம்பிப் போவார்.

என் மாணவன் ஒருவன் முதல் முறையாக லாங்கர் வளைவைக் கண்டதும், புத்தகத்தில் இல்லையே என்று அதைக் கத்தரித்துவிட்டான். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல! உடலைத் தானமாகத் தந்தவர் நமக்குக் காட்டியதையல்லவா அவன் வெட்டி எறிந்தான்.

அந்த அம்மாளிடம், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள் என்றேன். அக்காளுக்கு இருந்த நோயையும் மறைக்காமல் சொல்லி, முறையாகப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும் என்றும் சொன்னேன்.

"வலது பக்கமும் இருக்குமா சார்?" என்று கேட்டார்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் அம்மா. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும்தான்" என்றேன்.