சம்பந்தி வருகிறார்; இரவுக்கு என்ன சமைப்பது?

"மாப்பிள்ளையின் தகப்பனார் வெள்ளிக்கிழமை மாலை வருகிறார்" என்ற செய்தி வந்துவிட்டால் போதும். பல இல்லங்களில் அந்நேரமே அடுப்பங்கரையில் கலக்கம் குடிபுகுந்துவிடுகிறது. வருகிறவர் எதைப் பரிமாறினாலும் முகம் சுளிப்பவர் என்று பெயரெடுத்தவராயின் கேட்கவே வேண்டாம். புளி மிஞ்சிற்று என்பார். சோறு குழைந்தது என்பார். இலையில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். ஊர் திரும்பியபின் "உன் பிறந்த வீட்டில் எனக்குப் போட்ட சாப்பாடு இருக்கிறதே..." என்று தொடங்கும் பேச்சு மகளின் செவியில்தான் விழும். பெற்றோரின் அச்சமெல்லாம் மகளைப் பற்றியதே. ஆதலால் இதனை அற்பக் காரியமென்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

அச்சத்தினால் நாம் செய்வது யாது? கடன் வாங்கியேனும் ஏழெட்டு வகைகளைச் சமைத்து இலையை நிரப்புகிறோம். வகை கூடக்கூட, குறை காண இடமும் கூடுகிறது. வீட்டுத்தாயோ பகலெல்லாம் புகையில் வெந்து, விருந்தினரோடு இரண்டு வார்த்தை பேசவும் நேரமின்றி நிற்கிறாள். லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் பட்ட பாடும் இதுவே. ஆண்டவர் அவளது சமையலைப் பழிக்கவில்லை. பலவற்றைக் குறித்து அவள் அலைக்கழிவதையே கண்டித்தார்.

புனித ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில் உணவைப் பற்றியே ஓர் அதிகாரம் உண்டு, அது 39-ஆவது. ஒவ்வொரு பந்திக்கும் சமைத்த பதார்த்தம் இரண்டு போதும் என்கிறார். அவர் கூறும் காரணம் அழகானது: மனிதரின் பலவீனங்கள் பலவகை, ஒன்றை உண்ண இயலாதவன் மற்றதைக் கொண்டு பசியாறட்டும் என்பதே அது. உண்ணாதவனை அவர் கடியவில்லை. அவனுக்கென ஒரு மாற்று வைத்தார். நம் குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த சமையற்குறிப்பு தேவையில்லை.

முதலில், மகளிடமே கேளுங்கள். "மாமாவுக்கு எது பிடிக்கும்?" என்பதைக் காட்டிலும் "எது ஒத்துக்கொள்ளாது?" என்று கேட்பது பயன் தரும். குறை சொல்லும் நாவுக்குப் பின்னே பல வேளைகளில் நோயுள்ள உடல் இருக்கிறது. கட்டுப்பல் வைத்திருப்பவர் "எனக்கு மெல்ல முடியாது" என்று சம்பந்தி வீட்டில் சொல்வாரா? "கறி வேகவில்லை" என்றுதான் சொல்வார். வயிற்றுப்புண் உள்ளவர் காரத்தைப் பழிப்பார். இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைத்து உண்டு பழகியவர்க்கு நம் வீட்டுக் குழம்பு கரிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெண் வீடு தஞ்சைப் பகுதியில். சம்பந்தியோ தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவர். வருகிற நாள் தவக்கால வெள்ளி. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி 14 வயது நிறைந்தோரை இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் கட்டுப்படுத்துகிறது. (ஒருசந்தி 18 வயது முதல் 59 வயது நிறையும்வரையே, அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களில்தான்.) இறைச்சி இல்லையென்றதும் வீட்டார் சந்தைக்கு ஓடி, விலையைப் பாராமல் வஞ்சிரம் வாங்குகின்றனர். சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. தவம் எங்கே போயிற்று என்பதை அவர்களே சிந்திக்கட்டும். பயனும் இல்லை. படகிலிருந்து இறங்கிய மீனையே உண்டு வளர்ந்தவர், பனிக்கட்டியில் கிடந்த மீனை முதல் கவளத்திலேயே கண்டுகொள்வார். கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா?

தஞ்சை வீட்டின் கைக்குப் பழகியதையே சமைக்கலாம். மணத்தக்காளி வற்றற்குழம்பு ஒன்று. புளியில்லாத பாசிப்பருப்புக் கூட்டு ஒன்று. இவையே அந்த இரண்டு பதார்த்தங்கள். புளியும் காரமும் ஆகாதவர் கூட்டோடு உண்பார். கூட்டைச் சப்பென்று நினைப்பவர்க்குக் குழம்பு இருக்கிறது. கூட்டில் உப்பைக் குறைத்துப் போட்டு, பந்தியில் உப்பைத் தனியே வையுங்கள். துணைக்கு மசித்த கீரை, ரசம், சுட்ட அப்பளம். பல்லில்லாதவர்க்கும் இதில் இடர் இல்லை. நீரிழிவு உள்ளவராயின் சோற்றைக் குறைத்துக் காயையும் கீரையையும் கூட்டுங்கள். கேழ்வரகு நல்லதென்று அளவின்றிப் பரிமாறுவோரும் உளர். அதுவும் அரிசியைப் போல மாவுப்பொருளே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சாதியை மனத்தில் வைத்துக்கொண்டு "பசியில்லை" என்று இலையை விலக்குபவருக்கு எந்தச் சமையலும் மருந்தாகாது. அந்தியோக்கியாவில் புற இனத்தாரோடு உண்பதை விட்டு இராயப்பர் விலகியபோது, புனித சின்னப்பர் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் கூறுகிறது. அத்தகையவர்க்காகச் சமையற்காரரை மாற்றுவதோ தனிப் பாத்திரம் வாங்குவதோ கூடாது. எப்போதும் சமைப்பவர் சமைக்கட்டும். உண்பதும் உண்ணாததும் அவர் பொறுப்பு.

மற்றபடி, பரிமாறும்போது "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதீர்கள். சாப்பிடும் முகத்தையே உற்று நோக்காதீர்கள். வீட்டுத்தலைவரும் அவருடன் உட்கார்ந்து அதே உணவை உண்ணட்டும். இயன்றால் வீட்டுத்தாயும் உடன் அமரட்டும். பரிமாறப் பிள்ளைகள் இருக்கிறார்களே!

குடும்பச் செபமாலை இரவு உணவுக்கு முன் சொல்லும் வழக்கமுள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உணவுக்குமுன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர், போட்டபின் காத்திருத்தல் ஆபத்து. செபமாலையை முடித்துக்கொண்டு ஊசிக்கு அழையுங்கள். அல்லது சாப்பாட்டை முன்னே வைத்துச் செபமாலையைப் பின்னே சொல்லுங்கள். முதல் பத்து மணியை அவரையே தொடங்கச் சொல்லலாம்.