சர்க்கரைவள்ளியை அவிக்கும் பக்குவம்

"நீரிழிவுக்காரர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். பெயரைக் கண்டு பயம்! அளவோடு சாப்பிடலாம், அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சுட்ட கிழங்கைவிட அவித்த கிழங்கு இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கா சந்தையில் ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைக்கும். கையில் கனக்கும், கெட்டியான, நடுத்தரக் கிழங்காக எடுங்கள். சிறு துளைகள் இருந்தால் வண்டு குடைந்தது, கசக்கும். வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. 13 டிகிரிக்குக் கீழே போனால் நடுப்பகுதி இறுகி, எவ்வளவு அவித்தாலும் வேகாது. காற்றோட்டமான கூடையே போதும்.

தோலோடு தேய்த்துக் கழுவி, பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிநீரில் போட்டால் மேலே குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும். கொதி வந்தபின் மிதமான தீயில் 20 முதல் 30 நிமிடம். கத்தி எளிதாக இறங்கியதும் நீரை வடித்துவிடுங்கள், ஊறினால் சொதசொதத்துவிடும்.

1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, மரவள்ளியும் இதுவும்தான் இங்கே பலரின் பசியாற்றின. அந்த நினைவில் முகம் சுளிக்கும் பெரியவர்களுக்குச் சிறிது உப்பும் தேங்காய்த் துருவலும் தூவிக் கொடுத்துப் பாருங்கள். வெல்லம் மட்டும் வேண்டாம்.