ஹார்ட் டிஸ்க் சூடு: எவ்வளவு வரை தாங்கும்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசசர் என்ன வேகம், ராம் எவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். ஆனால் வாங்கிய சில மாதங்களில் நமக்கு அதிக மதிப்புள்ள பாகமாக மாறுவது ஹார்ட் டிஸ்க்தான். ப்ராசசர் கெட்டுப் போனால் வேறொன்று வாங்கிப் பொருத்திவிடலாம். ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போனால், அதில் இருந்த குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஹார்ட் டிஸ்க்கின் ஆயுளைக் குறைக்கும் காரணங்களில் ஒன்று வெப்பம். எவ்வளவு சூடு வரை பயமில்லை? அதை எப்படி அறிவது? சூடு அதிகமானால் என்ன செய்ய வேண்டும்? இவற்றை இங்கே பார்க்கலாம்.

ஏன் சூடாகிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சு கொண்ட வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. பல டெஸ்க்டாப் டிரைவ்களில் இந்தச் சுழற்சி நிமிடத்திற்கு 7,200 முறை. அதாவது ஒரு நொடிக்கு 120 முறை. தட்டின் மேல், அதைத் தொடாமல், ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் நானோ மீட்டர் அளவில் சில மட்டுமே உள்ள இடைவெளியில் ஹெட் பறந்தபடி டேட்டாவைப் படிக்கிறது. மோட்டாரும், ஹெட்டை நகர்த்தும் பகுதியும், சர்க்யூட் போர்டும் மின்சாரத்தைப் பயன்படுத்துவதால் வெப்பம் உண்டாகிறது. ஆகவே டிரைவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்குவதுதான் பிரச்னை.

எத்தனை டிகிரி வரை?

டெஸ்க்டாப் டிரைவ்கள் பலவற்றுக்கு 0 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இயங்கலாம் என நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. சில மாடல்களுக்கு இது சற்று மாறும். இங்கே சொல்லப்படும் உச்ச வரம்பு டிரைவின் வெப்பநிலையைக் குறிப்பது. உங்கள் அறையின் வெப்பநிலை அல்ல. 60 டிகிரி என்பது கடைசி எல்லை. தினமும் அந்த எல்லையில் டிரைவை ஓட்டுவது நல்லதல்ல. வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கீழ்க்காணும் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

25 முதல் 45 வரை: கவலை வேண்டாம்.

46 முதல் 50 வரை: கோடையில் இப்படி உயரலாம். காற்றோட்டத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

51 முதல் 55 வரை: சூட்டைக் குறைக்க உடனே வழி செய்யுங்கள்.

55க்கு மேல்: முக்கிய பைல்களை வேறு டிரைவில் காப்பி செய்துவிட்டு, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து காரணத்தைத் தேடுங்கள். 60ஐத் தொட்டுவிட்டால் காப்பி செய்யக் காத்திருக்க வேண்டாம். உடனே ஷட் டவுன் செய்து, ஆறிய பிறகு காப்பி எடுங்கள்.

எப்படி அறிவது?

தற்போதைய ஹார்ட் டிஸ்க்குகளின் உள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் உள்ளது. ‘ஸ்மார்ட்’ எனப்படும் வசதி மூலம் டிரைவ் தன் உடல்நிலைத் தகவல்களைத் தெரிவிக்கிறது. இவற்றைப் படித்துக் காட்டும் புரோகிராம்களில் ஒன்று ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’. விண்டோஸில் இயங்கும் இந்தப் புரோகிராம் இலவசம். அதற்குரிய இணைய தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்து திறந்தவுடன் டிரைவின் வெப்பநிலை தெரியும். அதற்கு மேலே ‘ஹெல்த் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தில் ‘குட்’ அல்லது ‘காஷன்’ எனக் காட்டும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே பார்த்தால் அளவு குறைவாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு, அல்லது பெரிய பைல்களைக் காப்பி செய்யும்போது பாருங்கள். குளிர் காலத்தில் 38 காட்டும் டிரைவ் மே மாதப் பகலில் 48 காட்டலாம். எனவே கோடையில் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

சூட்டைக் குறைக்கும் வழிகள்

கேபினட்டை கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தூசு படியாமல் இருக்கப் போடும் துணி உறையை, கம்ப்யூட்டர் ஓடும்போது கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தூசு. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி, மென்மையான பிரஷ் கொண்டு மின்விசிறிகளில் படிந்த தூசை அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மூடியில் வாரண்டி சீல் இருந்தால் இந்த வேலையைச் சர்வீஸ் செய்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு டிரைவ்கள் அடுத்தடுத்து இருந்தால், நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். கேபினட்டின் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் மின்விசிறி இல்லையென்றால் ஒன்று பொருத்தினால் நல்ல பலன் கிடைக்கும். எக்ஸ்டர்னல் டிரைவை மெத்தை, தலையணை மீது வைக்காமல் மேசை மீது வைத்துப் பயன்படுத்துங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

சூடான டிரைவைப் பிரிட்ஜில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது ஆபத்தானது. குளிர்ந்த டிரைவை வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் அதன் மேல் நீர்த்துளியாகப் படியும். அதே காரணத்தால், குளிரான இடத்திலிருந்து கொண்டு வந்த டிரைவையும் அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே ஆன் செய்ய வேண்டும்.

பல டிரைவ்களின் மேல் மூடியில் மிகச் சிறிய துளை ஒன்று இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க அது தேவை. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கேபினட்டை எப்போதும் திறந்து வைத்து டேபிள் பேனைத் திருப்பி விடுவதும் வேண்டாம். தூசுதான் அதிகம் சேரும்.

குளிர்ந்த டிரைவும் கெட்டுப் போகும்

2007ஆம் ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தில் இயங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். வெப்பம் கூடக் கூடப் பழுதும் கூடும் என்பதே பலரின் எண்ணம். ஆனால் நடுத்தர வெப்பத்தில் இயங்கியவற்றை விட, மிகவும் குளிர்ச்சியாக இருந்தவற்றில்தான் பழுது அதிகம் காணப்பட்டது. மிக அதிக வெப்பத்தில்தான், அதுவும் குறிப்பாக 3 ஆண்டுகளைக் கடந்த டிரைவ்களில், வெப்பத்தின் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 42 டிகிரியை 32 ஆக்கப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 55ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

இதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பழுதான டிரைவ்களில் பாதிக்கும் மேற்பட்டவை, பழுதை முன்கூட்டிச் சொல்லும் நான்கு முக்கிய ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. வெப்பமும் சரி, ‘குட்’ என்ற சொல்லும் சரி, உத்தரவாதம் ஆகாது.

புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருக்கும். அதில் சுழலும் பாகம் இல்லை. பல மாடல்களுக்கு 70 டிகிரி வரை அனுமதி உண்டு. ஆனால் அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடியதே.

எனவே இந்த வாரம் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். டிரைவின் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அது எந்த எண்ணாக இருந்தாலும், இழக்க முடியாத படங்களையும் பைல்களையும் இன்னொரு டிரைவில் காப்பி செய்து தனியே எடுத்து வையுங்கள்.