சொல்லும் எழுத்தும்

நுழையும்முன்

அரிசியை அள்ளிப் பார்த்து வாங்கலாம். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். அலைபேசிச் சேவையோ கண்ணுக்குப் புலப்படாதது. அதனை வாங்குபவர் விற்பவரின் சொல்லை நம்பியே பணம் கொடுக்கிறார். அச்சொல் பொய்க்குமாயின் அவர் செய்யத்தக்கது யாது? வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் இடம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

சென்னைப் பெருநகரின் தெற்கு வாயிலாக விளங்குவது தாம்பரம். தென்மாவட்டங்களிலிருந்து கல்விக்காகவும் பணிக்காகவும் வருவோர் பலர் வந்திறங்கும் தொடர்வண்டி நிலையம் இங்குள்ளது. இங்குள்ள ஏற்றுமதி மண்டலத்தில் பணிபுரியும் தொழிலாளர்களும், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் தங்கிப் பயிலும் மாணவர்களும் சொந்த ஊரோடு கொண்ட உறவு அறுபடாமல் காப்பது அலைபேசியே. எனவே, புறநகரின் கடைத்தெருக்களில் ரீசார்ஜ் கடைகளுக்குக் குறைவில்லை.

திட்டக்காலம் முடியும் நாள் நெருங்கும்போது வாடிக்கையாளரை நோக்கிச் சொற்கள் வருகின்றன. "இந்தத் திட்டத்திற்கு மாறுங்கள், கட்டணம் கூடாது" என்கிறது அழைப்பு மையக் குரல். "பிடிக்கவில்லையென்றால் பழைய திட்டத்திற்கே திரும்பிவிடலாம்" என்கிறார் விற்பனையாளர். வாடிக்கையாளர் இசைகிறார். அடுத்த பட்டியல் வரும்போது தொகை கூடியிருக்கிறது. பழைய திட்டமோ வழக்கத்தில் இல்லை. உறுதி கூறியவர் யார் என்பதும் தெரியவில்லை. சொன்னது காற்றோடு போயிற்று. எழுதியது மட்டுமே எஞ்சி நிற்கிறது.

மயக்கம் தரும் மூன்று சொற்கள்

ஏமாற்றம் எப்போதும் அப்பட்டமான பொய்யால் விளைவதன்று. பொருள் முழுமையாக விளக்கப்படாத சொல்லாலும் அது விளையும்.

'ஒரு மாதம்' என்பது அத்தகைய ஒரு சொல். கடையில் மாதத் திட்டம் எனக் கூறப்படுவது பல நேரங்களில் 28 நாள் திட்டமாக இருக்கும். 12 முறை பணம் செலுத்தினால் 336 நாள்களே நிறையும். எஞ்சிய 29 நாள்களுக்காக 13ஆம் முறையும் செலுத்த வேண்டும். திட்டத்தின் விலை 300 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுச் செலவு 3,600 ரூபாய் அன்று. 3,900 ரூபாய் ஆகும். இது குறித்து எழுந்த முறையீடுகளைக் கருதிய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2022 ஜனவரியில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. 30 நாள் செல்லத்தக்க திட்டத்தையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டத்தையும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். அத்திட்டம் உண்டா எனக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் பொறுப்பு.

இரண்டாவது சொல் 'வரம்பற்ற'. வரம்பற்ற இணையம் எனக் கூறப்படும் திட்டங்களுள் பலவற்றில் நாள்தோறும் குறிப்பிட்ட அளவு வரையே முழு வேகம் கிடைக்கும். அதன்பின் வேகம் குறையும். இணைப்பு அறுவதில்லை, ஆயினும் இணையவழிப் பாடத்தைக் காண்பதற்கு அவ்வேகம் போதாது.

மூன்றாவது சொல் 'வாழ்நாள்'. 2005ஆம் ஆண்டின் இறுதியில் வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கவை என்னும் பெயருடன் திட்டங்கள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. யாருடைய வாழ்நாள் என்னும் வினா எழுந்தது. சேவை நிறுவனத்தின் உரிமம் நடப்பில் உள்ள காலமே அது என ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியது. நிறுவனங்களும் நிலையானவை அல்ல. 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிப் பெருவழக்குப் பெற்றிருந்த ஏர்செல் நிறுவனத்தின் சேவை 2018 பிப்ரவரியில் முடங்கியது. தமிழ்நாடெங்கும் அதன் வாடிக்கையாளர்கள் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்திற்கு மாற வரிசையில் நின்றனர்.

வாய்மொழிக்குச் சட்டத்தில் இடம்

எழுதிக் கையொப்பமிட்டால்தான் ஒப்பந்தம் எனப் பலர் கருதுகின்றனர். அது முற்றிலும் சரியன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் அளிக்கும் வாக்குறுதியை அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடியின் வகைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. மோசடியால் பெறப்பட்ட இசைவை, ஏமாற்றப்பட்டவர் விலக்கிக்கொள்ளலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பொருள் அல்லது சேவை குறித்துப் பொய்யாகக் கூறுவது முறையற்ற வணிகச் செயல். அக்கூற்று வாயால் சொல்லப்பட்டதாயினும், எழுதப்பட்டதாயினும், மின்னணு வடிவில் அமைந்ததாயினும் சட்டத்தின் முன் ஒன்றே. ஆகவே, "வாயால்தானே சொன்னோம்" என்று கூறி விற்பவர் விலகிவிட முடியாது.

ஆயினும், சட்டத்தில் இடம் உண்டு என்பது வேறு. அதனை மெய்ப்பிப்பது வேறு. எழுத்தாவணம் ஒன்று இருக்கும்போது, அதன் விதிகளுக்கு மாறான வாய்மொழிச் சான்று பொதுவாக ஏற்கப்படுவதில்லை. மோசடி முதலிய சில விதிவிலக்குகளிலேயே அது ஏற்கப்படும். அங்கும் மோசடி நிகழ்ந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு கூறுபவரையே சாரும். விற்பவரிடம் அச்சிட்ட விதிகள் இருக்கின்றன. வாங்குபவரிடம் நினைவு மட்டுமே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வே வாய்மொழி வாக்குறுதியின் உண்மையான இடர்.

இவ்விடரை உணர்ந்தே ஒழுங்குமுறை ஆணையமும் செயல்பட்டுள்ளது. கேட்காமலேயே பாடல், ஜோதிடம் போன்ற கூடுதல் சேவைகள் தொடங்கப்பட்டுக் கட்டணம் பிடிக்கப்படுவதாக முறையீடுகள் பெருகின. அழைப்பில் சொன்ன 'சரி' மட்டும் போதாது. வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் தனியே உறுதிசெய்த பின்னரே கட்டணம் பெறலாம் என 2013இல் ஆணையம் பணித்தது. சொல் பதிவாக மாறினால்தான் பாதுகாப்பு உண்டு என்பதே இந்நெறியின் உட்பொருள்.

மீண்டும் திறந்த கதவு

ஏமாற்றப்பட்ட அலைபேசி வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்தை அணுக முடியுமா என்பது பல ஆண்டுகள் ஐயத்திற்கு உரியதாக இருந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் நடுவர் வழியைத் தனியே வகுத்திருப்பதால், நுகர்வோர் மன்றத்திற்கு இதில் அதிகாரமில்லை என 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கு இந்நிலையை மாற்றியது. மாதந்தோறும் சராசரியாக 555 ரூபாய் செலுத்திவந்த அவருக்கு, 2013ஆம் ஆண்டு இறுதியில் ஒரே மாதத்திற்கு 24,609 ரூபாய் 51 காசு எனப் பட்டியல் வந்தது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை நாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொலைத்தொடர்பும் ஒரு சேவையே. நுகர்வோர் மன்றம் அதனை விசாரிக்கலாம் என 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. தனி ஒருவரின் விடாமுயற்சி கோடிக்கணக்கானோருக்குக் கதவைத் திறந்தது.

செய்யத்தக்கவை

பணம் செலுத்துவதற்கு முன், சொன்னதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புமாறு கேட்க வேண்டும். மெய்யான சலுகையை எழுதித் தர எவரும் தயங்கார். தயக்கமே ஓர் எச்சரிக்கை. விலை, நாள் கணக்கு, நாளளவு, சலுகை முடிந்தபின் வரும் கட்டணம் ஆகிய நான்கையும் எழுத்தில் சரிபார்க்க வேண்டும். அழைப்பு வந்த நாள், நேரம், பேசியவர் கூறிய பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது நலம்.

குறை நேர்ந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் மையத்தில் பதிவு செய்து, பதிவெண்ணைப் பெற வேண்டும். அங்குத் தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவற்றாலும் தீர்வு கிட்டாதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நுகர்வோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நன்மை. தாம்பரத்தில் வாழ்பவர் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

வீட்டில் அலைபேசி இணைப்பு பெற்றோர் பெயரிலோ தாத்தா பாட்டி பெயரிலோ இருக்கும். அதற்கு வரும் செய்தியைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் அவ்வீட்டு மாணவரே. 'சரி' என்னும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அச்செய்தியை முழுவதும் படித்து, அதன் பொருளைப் பெரியவர்களுக்கு எடுத்துரைப்பது கற்றவர் வீட்டிற்குச் செய்யும் கடமை. வாய்மைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். சொன்ன சொல்லைக் காப்பது விற்பவரின் அறம். அச்சொல்லை எழுத்தில் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் அறிவு.

தெரியுமா?

அலைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இதற்கான வேண்டுகோளை 1900 என்னும் எண்ணிற்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் பயன்படுத்தும் அலைபேசித் திட்டத்தின் நாள் கணக்கைக் கண்டறிந்து, அதன் ஆண்டுச் செலவைக் கணக்கிடுக.

2. விளம்பரங்களில் இடம்பெறும் 'இலவசம்', 'வரம்பற்ற' போன்ற சொற்களைத் திரட்டி, அவற்றின் அகராதிப் பொருளையும் வணிகப் பொருளையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.