புகை போகும் திசை பார்த்து வண்டியை நிறுத்துங்கள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்குச் சினிமாக்காரர்கள் வருவது இப்போது பழகிப்போன ஒன்று. வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) இந்த வட்டாரத்தில் படமாக்கப்பட்டது. படப்பிடிப்பு வந்தால் கூடவே கேரவனும் வரும். தேர்தல் காலத்தில் தலைவர்களின் பிரசார வண்டிகள் வரும். கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் படுக்கை, அடுப்படி, குளியலறையோடு சுற்றுலா வண்டிகளும் கண்ணில் படுகின்றன.

வெளியே கோடை வெயில் 38, 39 டிகிரிக்குக் கொளுத்தும். வண்டிக்குள்ளோ ஏசி ஓடும், பிரிட்ஜ் ஓடும். பக்கத்தில் மின்கம்பமே இருக்காது. அவ்வளவு மின்சாரமும் வண்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள்ளோ, அடிச்சட்டத்திலோ உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அதன் திறனைத்தான்: "எத்தனை கேவிஏ?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அது வண்டியில் எங்கே இருக்கிறது, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது?

பெட்டிக்குள் நடப்பது

காந்தப்புலத்துக்கு நடுவே கம்பிச்சுருள் சுழன்றால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831 இல் கண்டறிந்தார். இன்றைய ஜெனரேட்டர்கள் அனைத்தும் அந்த விதியில்தான் ஓடுகின்றன. டீசலோ பெட்ரோலோ குடிக்கும் ஓர் இன்ஜின், அதோடு இணைந்து சுழலும் ஓர் ஆல்டர்னேட்டர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. அந்த 50 சுற்று கிடைக்க, இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 முறை சுழல வேண்டும். நான்கு துருவம் இருந்தால் 1500 முறை போதும். 3000 வேகத்தில் ஓடுவது உருவத்தில் சிறியது, ஆனால் அதிகம் இரையும். 1500 வேகத்தில் ஓடுவது கனமானது, சத்தம் குறைவு, தேய்மானமும் குறைவு.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்ற மூன்றாவது வகையும் உண்டு. அது பிறக்கும் மின்சாரத்தை ஒருமுறை நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று மூலம் 50 சுற்று மாறுமின்சாரமாக வெளியே தருகிறது. அதனால் இன்ஜின் ஒரே வேகத்தில் ஓட வேண்டிய கட்டாயமில்லை. மின்விசிறியும் விளக்கும் மட்டும் ஓடும்போது அது மெதுவாக ஓடி எரிபொருளை மிச்சப்படுத்தும்.

எந்த வகையானாலும் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. சிறிய இன்ஜின்களில் அதைவிடக் குறைவு. மீதி அத்தனையும் வெப்பமாகவும் புகையாகவும் வெளியேறுகிறது. வீட்டில் இருக்கும் ஜெனரேட்டர் என்றால் அதைக் கொல்லைப்புறத்தில் தள்ளி வைக்கலாம். கேரவனில் தூங்கும் கட்டிலுக்கும் அந்த இன்ஜினுக்கும் நடுவே சில நேரம் ஒரு பலகைதான் இருக்கிறது. இடத்தேர்வு உயிர்ப்பிரச்சினை ஆவது அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத புகை

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் அந்த வண்டியின் ஓட்டுநர், மற்றவர் உடன் வந்த பணியாளர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்களும் சேர்ந்து அந்த வண்டியைச் சோதித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்திருந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. எடையில் ஏறக்குறையக் காற்றை ஒத்தது. எனவே மேலேயும் போகாது, கீழேயும் தங்காது, அறை முழுவதும் கலந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு சீராகவே போய்க்கொண்டிருக்கும், உடம்புக்குள் ஆக்சிஜன் மட்டும் போய்ச் சேராது.

ஒரு கணக்குப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள கேரவனுக்குள் 24,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் 24 லிட்டர் கார்பன் மோனாக்சைடு கலந்தால், பத்து லட்சத்தில் 1000 பங்கு என்ற அளவை எட்டிவிடும். ஏறத்தாழ ஒன்றரைக் குடம். 400 பங்கு இருந்தாலே ஓரிரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். 1600 பங்கில் அதே நேரத்துக்குள் உயிரே போகலாம். தலைவலி, குமட்டல், அசதி என்று வரும் அறிகுறிகளைப் பகல் முழுக்க வண்டி ஓட்டியவர் அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார். ஆபத்து அங்கேதான்.

பெட்ரோல் இன்ஜின் இந்த வாயுவை அதிகம் கக்கும். டீசலில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

எங்கே வைப்பது?

நல்ல கேரவனில் ஜெனரேட்டருக்குத் தனி அறை இருக்கும். அறையின் உட்புறம் தீப்பிடிக்காத பொருளால் மூடப்பட்டிருக்கும். கதவு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். மனிதர்கள் இருக்கும் பகுதிக்கும் அந்த அறைக்கும் நடுவே ஓர் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. வயர் போகும் ஓட்டை, தண்ணீர்க் குழாய் போகும் ஓட்டை, பழைய திருகைக் கழற்றிய ஓட்டை எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பட்டறையில் புதிதாக ஒரு வயர் இழுத்தால், ஓட்டையை அடைத்துவிட்டார்களா என்று உரிமையாளரே குனிந்து பார்ப்பது நல்லது.

ஏறி இறங்கும் கதவு இடப்பக்கம் என்றால் ஜெனரேட்டர் வலப்பக்கப் பின்புறம் இருப்பது நல்லது. சைலன்சர் குழாய் வண்டியின் அடியிலேயே முடியக் கூடாது. அடியில் முடிந்தால் புகை அங்கே தேங்கி, கிடைக்கும் சந்து வழியாக உள்ளே ஏறும். குழாய் வண்டி ஓரத்தைத் தாண்டி வெளியே நீள வேண்டும். ஜன்னலுக்கும் ஏசி காற்று இழுக்கும் வாய்க்கும் விலகி இருக்க வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கக் காற்று நுழையும் வழியும், சூடான காற்று வெளியேறும் வழியும் வேறுவேறு பக்கம் இருக்க வேண்டும். ஒரே பக்கம் இருந்தால் கக்கிய சூட்டையே திரும்பக் குடித்து இன்ஜின் நின்றுபோகும்.

அதிர்வை அடக்க ரப்பர் மவுண்ட், சத்தத்தை அடக்கத் தடுப்புக் கூடு. கூட்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று டீசல் ஜெனரேட்டர்களுக்கு மத்திய அரசு 2002 இல் விதி கொண்டுவந்தது. அதிர்வைக் கவனிக்கக் காரணம் சத்தம் மட்டுமல்ல. அதிர அதிரச் சைலன்சர் இணைப்பில் கீறல் விழும், டீசல் குழாய் தேயும். கீறலிலிருந்து வரும் புகைக்குத் திசை கிடையாது.

கரிசலுக்கென்று ஒரு கணக்கு

வண்டிக்குள் எல்லாம் சரியாக இருந்தாலும், நிறுத்தும் இடம் தப்பானால் பயனில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வரும். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் புகைக்குழாய் கிழக்குப் பார்க்க வண்டியை நிறுத்தினால் புகை விலகிப் போகும். குழாய் மேற்குப் பார்த்து நின்றால் கக்கிய புகையைக் காற்று வண்டியின் மேலேயே அப்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்; அப்போது இந்தக் கணக்கு மாறும். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும். இன்னொரு வண்டியின் ஜன்னலோ, வீட்டின் வாசலோ நம் புகைக்கு எதிரே வந்துவிடாமலும் பார்க்க வேண்டும்.

கோடையில் இங்கே காடெல்லாம் காய்ந்து கிடக்கும். பருத்திமார், சோளத்தட்டை, காய்ந்த புல். சைலன்சர் முனை நெருப்பாய்ச் சுடும். வைக்கோல் படப்புக்குப் பக்கத்திலோ காய்ந்த புல்லின் மேலேயோ வண்டியை நிறுத்தி ஜெனரேட்டரைப் போடக் கூடாது. தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர் இது. அவற்றின் மதிலோரம் நிழல் இருந்தாலும் அது நமக்கான இடமில்லை.

மழை பெய்தால் கரிசல் களியாகிவிடும். ஒரு பக்கச் சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தால், இன்ஜின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் போதிய உயவு கிடைக்காது. புகைக்குழாயின் வாய் சேற்றில் புதைந்தால் புகை பின்னால் தள்ளும். எனவே சரளையோ தார்த்தளமோ பார்த்துச் சமமாக நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் கரிசல் புழுதி மாவாகப் பறக்கும். ஏர்ஃபில்டரை மற்ற ஊர்களில் பார்ப்பதைவிட இங்கே அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். அடைத்த ஃபில்டரோடு ஓடும் இன்ஜினுக்குக் காற்று போதாது. காற்று போதாமல் எரியும் எரிபொருள்தான் கார்பன் மோனாக்சைடைக் கூட்டும்.

எர்த் விஷயத்திலும் கரிசல் தனி ரகம். ஈரமாக இருக்கும்போது இந்தக் களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது, அடித்த எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். வண்டியிலிருந்து வெளியே விளக்குக்கும் மைக்செட்டுக்கும் லைன் கொடுப்பதாக இருந்தால், குழாயடி போல ஈரம் உள்ள இடத்தில் கம்பியை ஆழமாக அடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம். ஜெனரேட்டரின் நியூட்ரல், வண்டிச் சட்டத்தோடு முறைப்படி இணைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். இதைத் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு லைனுக்கு நேராக ஜெனரேட்டரை மாட்டுவது பெரிய பாவம். இரண்டு லைனையும் ஒன்றாகச் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் மாட்டினால் மின்சாரம் பின்னோக்கிப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மின்வாரிய ஊழியரின் உயிரை எடுக்கும்.

எவ்வளவு பெரியது?

5 கேவிஏ ஜெனரேட்டர் ஏறத்தாழ 4 கிலோவாட் தரும். ஒன்றரை டன் ஏசி சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். சாதாரண ஏசியின் கம்பிரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகக் கிளம்பும். இரண்டு இன்வெர்ட்டர் ஏசி, ஒரு பிரிட்ஜ், விளக்குகள் என்றால் 5 கேவிஏ போதும். கீசரை ஏசியோடு சேர்த்துப் போடக் கூடாது. தேவைக்கு மேல் பெரியதை வாங்கி ஒரு விளக்குக்காக ஓட்டுவதும் கெடுதல். மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத எரிபொருள் கரியாகப் படியும். டீசல் லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் கிடைக்கும் என்று வைத்துச் செலவைக் கணக்கிடலாம்.

இரவுக்கு வேறு ஏற்பாடு

மாலையில் படப்பிடிப்பு முடிந்ததும் நடிகர்கள் ஓட்டலுக்குப் போய்விடுவார்கள். வண்டிக்குள் படுப்பவர்கள் ஓட்டுநரும் உதவியாளரும். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. இந்த ஒரு விதியை முதலாளி வாயால் சொன்னால் போதாது, புழுக்கமில்லாமல் தூங்க மாற்று வழியும் செய்து கொடுக்க வேண்டும்.

வழி இருக்கிறது. கரிசலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வண்டிக் கூரையில் 1 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் நல்ல நாளில் 4 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். அதை லித்தியம் பேட்டரியில் சேர்த்தால் இரவெல்லாம் மின்விசிறி ஓட்டலாம், சில மணி நேரம் ஏசியும் போடலாம். கல்யாண மண்டபத்திலோ பெட்ரோல் பங்கிலோ அனுமதி கேட்டு வெளிமின் இணைப்பு எடுக்கலாம்.

படுக்கைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே இருக்கும் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், 108 ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அது நடந்துவிடும். கேரவன் வாங்குபவரும், வாடகைக்கு எடுப்பவரும், அதில் வேலைக்குச் சேருபவரும் ஏசியையும் மெத்தையையும் பார்ப்பதற்கு முன் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய், அந்தச் சின்னக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.