சிறுநீர்க் கல் சிகிச்சை: கல் போனாலும் ஸ்டென்டை மறக்காதீர்கள்

 

சிறுநீர்க் கல்லுக்காக மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருவோர் கோடையில் அதிகம். "யூ.ஆர்.எஸ். செய்யணுமாம், பயமாக இருக்கிறது" என்றே பலரும் சொல்கிறார்கள். அதனால் அந்தச் சிகிச்சையைப் பற்றி இங்கே விளக்குகிறோம்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் கல் சிக்கினால்தான் தாங்க முடியாத வலி வருகிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். வெளியேறாத கல்லுக்கு யூ.ஆர்.எஸ். செய்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் கழிக்கும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசரால் கல்லை உடைத்து எடுப்பார்கள். உடலில் எங்கும் கீறுவதில்லை.

சிகிச்சைக்கு முன்

சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் பரிசோதனை செய்வது அவசியம். கிருமி இருக்கும்போது கல்லை உடைத்தால் அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கல் வலியுடன் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அது அவசர நிலை. அப்போது மருத்துவர்கள் கல்லைத் தொடாமல், முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை வடியச் செய்வார்கள். "கல்லை எடுக்கவில்லையே" என்று அவர்களிடம் சண்டை போடாதீர்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிலருக்குக் குழாய் குறுகலாக இருக்கும். வலுக்கட்டாயமாகக் கருவியைச் செலுத்தினால் குழாய் கிழியலாம். ஆகவே ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு, ஓரிரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இது தோல்வி அல்ல, பாதுகாப்பான முறை.

சிகிச்சைக்குப் பின்

சில நாட்கள் எரிச்சல், இலேசாக இரத்தம் கலந்த சிறுநீர், அடிக்கடி சிறுநீர் வருதல் ஆகியவை இயல்பே. ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், இரத்தக்கட்டிகள், சிறுநீர் அடைப்பு, மாத்திரைக்கும் அடங்காத வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஸ்டென்ட்

குழாய் வீங்கி அடைபடாமலிருக்க உள்ளே வைக்கும் ஸ்டென்டைப் பொதுவாகச் சில நாட்களிலோ வாரங்களிலோ எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டது, கையில் பணமில்லை என்று சிலர் திரும்பச் செல்வதில்லை. மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும், சிறுநீரகமே பழுதாகலாம். எடுப்பதோ பெரும்பாலும் சில நிமிட வேலைதான். எனவே மருத்துவமனையை விட்டு வரும்போதே எடுக்கும் தேதியை எழுதி வாங்குங்கள். வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். இதற்கான செலவுக்கும் எங்களிடம் மனு கொடுக்கலாம்; கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அரசுக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள்.

மீண்டும் வராமலிருக்க

நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்; உப்பைக் குறையுங்கள். இதய நோயோ சிறுநீரகப் பழுதோ உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் இஃப்தார் முதல் ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள். நோயாளிகள் நோன்பைப் பிற்படுத்திக் களாச் செய்ய மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஸ்டென்ட் இருக்கும்போது சிறுநீர் கசிந்தால் உளூ, தொழுகை பற்றி ஆலிம்களிடம் கேளுங்கள். தொழுகைக்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.