போனில் வந்த "எப்படி இருக்கீங்க?"



"மாத்திரை போட்டாச்சா?" என்று செல்போனில் செய்தி அனுப்பினால் யாரும் மறக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோணும். அது நிஜமாகவே பலன் தருதா? மருத்துவர்களும் இந்தச் சேவைகளை வடிவமைப்பவர்களும் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கென்யா நாட்டில் 2007-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து ஆரம்பித்த 538 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். நம்ம சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். விருப்பப்பட்டவங்களை மட்டும் சேர்த்தால், இயல்பாகவே அக்கறை உள்ளவங்களே வந்துவிடுவாங்க. பலன் செய்தியாலா, அவங்க அக்கறையாலா என்று தெரியாது.

ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு வாரம் ஒரு குறுஞ்செய்தி: "மம்போ?" சுவாஹிலி மொழியில் "எப்படி இருக்கீங்க?" என்று அர்த்தம். 48 மணி நேரத்துக்குள் "நல்லா இருக்கேன்" அல்லது "பிரச்சினை" என்று பதில் போடணும். பிரச்சினை என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டுப் பேசுவார்கள்.

கவனிச்சீங்களா, செய்தியில் மருந்து என்ற சொல்லே இல்லை! போனை வேறு யார் எடுத்துப் பார்த்தாலும் விஷயம் வெளியே வராது. நம் வீட்டில் போன் யார் கையில் இருக்கும் என்று யோசித்தால் இதன் அருமை புரியும்.

செய்தி பெற்றவர்களில் 100-க்கு 62 பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். பெறாதவர்களில் 50 பேர். வாய்ச்சொல்லோடு விடவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் கிருமி அடங்கியவர்கள் 57-க்கு 48. முடிவு 2010-ல் வெளியானது.

அப்படியென்றால் நமக்கும் அதே என்று எடுத்துக்கலாமா? முடியாது. தென்னிந்தியாவில் 631 பேரிடம், வாரந்தோறும் தானியங்கி அழைப்பும் படச்செய்தியும் அனுப்பி இரண்டு வருஷம் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஊர் வேறு, சிகிச்சை கிடைத்த விதமும் வேறு. எனக்கென்னவோ, அங்கே ஒரு மனுஷி திரும்பக் கூப்பிட்டதுதான் வேலை செய்திருக்கும் என்று படுது. பலன் தரவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதுவும் சான்றுதான்.

அடுத்த முறை குழுக் கூட்டத்துக்கு யாராவது ஒரு உடல்நல ஆப் கொண்டு வந்தால் தயங்காமல் கேளுங்கள்: எந்த ஊர்ல, யாரிடம் சோதித்தீங்க? இது இல்லாதவங்களோடு ஒப்பிட்டீங்களா? நாங்க "பிரச்சினை" என்று பதில் போட்டால் யார் பார்ப்பாங்க? சொந்த போன் இல்லாத அக்காவுக்கு என்ன வழி?